64 கோழியை 20 ஆக்குவது: எதைக் கழிப்பது, எதை வைத்திருப்பது?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தால் ஓய்வு பெற்ற பிறகு ஆசைக்குத் தொடங்கிய கோழி வளர்ப்பு இப்போது 64 உருப்படியில் நிற்கிறது. ஊர்க்கோழி 26, கழுத்து மொட்டை 12, சுருட்டை இறகு 7, பன்ரம் என்ற குள்ளக்கோழி 11, பிரம்மா 8. இவற்றில் சேவல் மட்டும் 15. முழங்கால் வருத்தத்தால் குனிந்து கூடு கூட்ட ஏலாது. தீன் செலவும் கட்டுப்படியாகவில்லை. போன மாரியில் 11 குஞ்சு செத்தன, அடை வைத்த முட்டையில் பாதிதான் பொரிக்கிறது. ஒவ்வொரு வகையிலும் ஒரு சேவலும் மூன்று பேடும் மட்டும் வைத்தால் இருபதோடு நின்றுவிடும். இது சரியா? கறுப்பி என்றொரு ஒன்பது வயதுப் பேடும் நிற்கிறது. முட்டை இட்டு இரண்டு வருடமாகிறது. அதைக் கொடுக்க மனம் வரவில்லை.

பதில்: அம்மா, ஐந்து வகையிலும் நாலு நாலு என்று இருபதைப் பிரித்தால் ஐந்து வகையும் மெல்ல மெல்ல நலிந்துபோகும். வகைகளைக் குறைத்து, வைத்திருக்கும் ஒன்றைக் கூடுதல் சேவல்களோடு வைத்திருப்பதுதான் வழி.

காரணம் எளிய கணக்கு. ஒரு சேவலும் மூன்று பேடும் நின்றால் அடுத்த தலைமுறை முழுவதும் ஒரே தகப்பன் பிள்ளைகள். இனவிருத்தியில் ஒரு கூட்டத்தின் உண்மையான பலத்தைக் கணிக்க, சேவலின் எண்ணிக்கையைப் பேட்டின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலைகளால் வகுப்பார்கள். உங்கள் நாலு கோழிக்கு 4 × 1 × 3 ÷ 4, அதாவது 3. அந்த மூன்றை இரண்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுத்தால் ஆறில் ஒன்று வரும். ஒவ்வொரு தலைமுறைக்கும் இரத்த உறவு நெருக்கம் சுமார் 16.7 வீதம் ஏறுகிறது என்று அர்த்தம். ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாயில் பிறந்த சேவலையும் பேட்டையும் சேர்த்தால் வருவது 12.5 வீதம். அதைவிட இது மோசம். முதலில் பொரிப்பு குறையும், பிறகு குஞ்சுகள் சாகத் தொடங்கும், பிறகு பேடுகள் இடும் முட்டையும் குறையும்.

இப்போது 3 சேவலும் 12 பேடும் உள்ள ஒரே கூட்டத்துக்கு அதே கணக்கைப் போடுங்கள். 4 × 3 × 12 ÷ 15 என்றால் 9.6. நெருக்கம் தலைமுறைக்கு 5 வீதமளவில் நிற்கும். தலைகள் 15தான், ஆனால் நாலு கோழிக் கூட்டத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் தாங்கும். எனவே கழிக்கும்போது சேவலை ஒன்றாக்கிவிடாதீர்கள். சண்டை, சத்தம், தீன் என்று முதலில் கழிபடுவது சேவல்தான், கூட்டத்தின் ஆயுளும் அதில்தான் தங்கியிருக்கிறது.

எந்த வகையை வைத்திருப்பது? உங்களிடம் இருப்பது உண்மையில் ஐந்து இனம் இல்லை. கழுத்து மொட்டையும் சுருட்டை இறகும் தனி இனங்கள் அல்ல, ஊர்க்கோழியில் ஓடும் ஒவ்வொரு மரபணுவின் வேலை. ஊர்க்கோழிக் கூட்டத்துக்குள்ளேயே அவற்றை வைத்துக்கொள்ளலாம். அப்படி மூன்றையும் சேர்த்தால் 45 உருப்படியில் இருந்து தெரிவு செய்யலாம், அது பெரிய வசதி.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். சுருட்டைச் சேவலைச் சுருட்டைப் பேட்டோடு சேர்த்தால் நாலில் ஒரு குஞ்சு அந்த மரபணுவை இரண்டு பக்கத்தாலும் வாங்கும். அதன் இறகு கம்பிபோல் மெலிந்து, முறிந்து, உடம்பு பாதி வெளியே தெரியும். மழைக் குளிரை அதனால் தாங்க ஏலாது. போன மாரியில் செத்த 11 குஞ்சில் இப்படிப்பட்டவையும் இருந்திருக்கலாம், நினைத்துப் பாருங்கள். ஆகவே சுருட்டை பேட்டில் மட்டும் இருக்கட்டும், 12 பேட்டில் இரண்டு போதும். சேவல் எல்லாம் சாதாரண இறகாக இருக்கட்டும். அப்போது அந்தப் பேடுகளின் குஞ்சில் பாதி சுருட்டையாக வரும், கெட்ட இறகு வராது.

கழுத்து மொட்டைக்கு இந்தப் பயம் இல்லை. கழுத்தின் முன்பக்கம், மார்புக்குச் சற்று மேலே ஒரு குஞ்சம் இறகு தொங்கினால் அது ஒரு பக்கத்து மரபணு. குஞ்சமே இல்லாமல் முழு மொட்டை என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கம். பங்குனி, சித்திரை வெக்கையில் இவை மற்றவற்றைவிடக் குறைவாகவே இளைக்கும், முட்டையும் அவ்வளவு குறையாது, ஏனென்றால் உடம்பில் இறகு குறைவு. குஞ்சம் உள்ள ஒரு சேவலை மூன்றில் ஒன்றாக வைத்திருங்கள்.

பிரம்மா எட்டையும் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அழகான கோழி, ஆனால் கனத்த உடம்பும் அடர்ந்த இறகும் யாழ்ப்பாணத்து வெக்கைக்கு ஏற்றவை அல்ல. காலில் இறகு இருப்பதால் மாரிச் சேறு ஒட்டிக் காயாமல் நிற்கும், செதில் பூச்சியும் அதற்குள் மறைந்துகொள்ளும். எட்டையும் ஒருவரிடமே கொடுங்கள். ஆளுக்கு இரண்டாகப் பிரித்தால் எவரிடமும் அது நிலைக்காது.

பன்ரத்தில் மூன்று பேடு மட்டும் போதும், சேவல் வேண்டாம். அடிக்கடி அடை கிடக்கும், தீன் ஊர்க்கோழியின் பாதிதான். ஒன்றின் கீழ் ஊர்க்கோழி முட்டை ஐந்து வைக்கலாம். ஆக இனவிருத்திச் சேவல் 3, மாற்றுச் சேவல் 1, பேடு 12, பன்ரம் 3. மொத்தம் 19.

எந்த 12 பேடு என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரவில், கோழிகள் ஏறிப்படுத்த பிறகு, ரோச் லைற்றோடு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் கோழியும் வெருளும், உங்கள் முழங்காலும் தாங்காது. பேட்டை இடக்கையில் ஏந்தி, பின்துவாரத்துக்கு இரு பக்கமும் உள்ள மெல்லிய எலும்பு முனைகளுக்கு இடையில் வலக்கை விரல்களை வைத்துப் பாருங்கள். முட்டை இடும் பேட்டில் இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழையும், துவாரமும் நீண்டு ஈரமாக இருக்கும். இடாத பேட்டில் ஒரு விரலே இறுக்கம், துவாரம் வட்டமாகச் சுருங்கி வறண்டிருக்கும். பிறகு நெஞ்சு எலும்பைத் தடவிப் பாருங்கள். நேராக இருக்க வேண்டும், இரு பக்கமும் சதை பிடித்திருக்க வேண்டும். கத்திபோல் கூராகத் தட்டுப்பட்டால் புழு அல்லது வேறு வருத்தம்.

இந்தச் சோதனையை ஒரே இரவில் முடிவாக எடுக்கவேண்டாம். அடை கிடக்கும் பேடும் இறகு உதிர்க்கும் பேடும் நல்ல பேடாக இருந்தாலும் எலும்பு இறுகியே நிற்கும். மூன்று கிழமை விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் இறுக்கம் என்றால் கழிக்கலாம்.

வயது விஷயத்தில் பலர் செய்யும் பிழை, இளம் பேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை எல்லாம் விற்பது. மூன்று, நாலு வருடம் உங்கள் வளவில் வெக்கையையும் மாரியையும் நோயையும் தாண்டி இன்னும் முட்டை இடும் பேடு, உங்களிடம் உள்ளதில் மிகப் பெறுமதியானது. முதல் வருடத்துப் பேடு 4, இரண்டாம் வருடம் 4, அதற்கு மேல் 4 என்று எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். எடுத்தவற்றின் காலில் நிறக் கேபிள் ரை கட்டுங்கள், வயதுக்கு ஒரு நிறம். ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளி இருக்கட்டும். வளரும் கோழியில் மாதம் ஒருமுறை பார்க்காவிட்டால் அது சதைக்குள் இறங்கிவிடும்.

சேவலில் நேரான விரல்கள், நேரான நெஞ்சு எலும்பு, கோணல் இல்லாத அலகு, இவை மூன்றும் இல்லாவிட்டால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் கழியுங்கள். மீதி உள்ளதைப் பின்னேரம் நாலு, ஐந்து மணிக்குக் கதிரை போட்டு இருந்து பாருங்கள். சேவல்கள் கூடுதலாகப் பேட்டை மிதிப்பது, அதாவது சேர்வது, அந்த நேரத்தில்தான். தீனைக் கண்டதும் குரல் கொடுத்துப் பேடுகளைக் கூப்பிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும் சேவல் நல்லது. ஆளைக் கொத்த வரும் சேவல் வேண்டாம், அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் இறங்கும். நாலும் நாலு தாயின் பிள்ளைகளாக இருக்கட்டும்.

விற்கும் காலத்தையும் பார்க்க வேண்டும். நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் பல வீடுகளில் மீன், இறைச்சி இல்லை, இறைச்சிக் கோழியின் விலை இறங்கிவிடும். எனவே கழிக்கிற சேவல் 11ஐயும் ஆனிக்குள் கொடுத்துவிடுங்கள். பேடுகளை இரண்டு சோதனையும் முடித்து ஆவணி, புரட்டாதியில் கழியுங்கள். ஐப்பசி மழை பிடிக்கும்போது 20 மட்டும் கூட்டில் நிற்க வேண்டும். நனைந்த உமியும் நெருக்கமும் சேர்ந்தால் குஞ்சுகளில் இரத்தக் கழிச்சல் வரும், மழைக்குப் பிறகு பெருகும் நுளம்பு அம்மையைக் கொண்டுவரும்.

கொடுப்பதற்கு முன், கூட்டத்தையே அழிக்கும் றாணிக்கெற் என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பு மருந்து போட்டு இரண்டு, மூன்று கிழமை கழிந்திருக்க வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். குப்பி 100 கோழிக்கோ அதற்கு மேலோ வருவதால், பக்கத்து வளவுக்காரரோடு நாளைப் பேசி ஒரே நாளில் போடுங்கள். ஐசோடு கொண்டுவந்து, கரைத்த பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். மிஞ்சியதை நாளைக்கு என்று வைத்தால் அது வெறும் தண்ணீர். கூட்டில் ஒன்றாவது தூங்கி வழிந்தாலோ பச்சையாகக் கழிந்தாலோ ஒரு கோழியும் வெளியே போகக்கூடாது, சந்தைக்குப் போகவே கூடாது. அன்ரிபயோரிக் கொடுத்த கோழியை, மருந்து உறையில் எழுதியுள்ள நாட்கள் கழியும்வரை இறைச்சிக்குக் கொடுக்காதீர்கள், முட்டையையும் சாப்பிடாதீர்கள்.

கோழியைக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சைக்கிளில் கொண்டுபோக விடாதீர்கள். காற்றுப் போகும் கூடையில், காலை எட்டு மணிக்கு முன் அனுப்புங்கள். நல்ல சேவல் என்றதும் சண்டைக்கு விட வாங்குகிறவர்களும் வருவார்கள். தெரியாத ஆளுக்குச் சேவலை உயிரோடு கொடுக்கவேண்டாம்.

கழிபடும் ஊர்க்கோழியில் நல்லவை 2 சேவல், 5 பேடு எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதைக் கட்டாயம் செய்யுங்கள். வடமராட்சியிலோ தென்மராட்சியிலோ இருப்பவர் என்றால் இன்னும் நல்லது. ஒரு கிழமையில் றாணிக்கெற் வந்து உங்கள் கூட்டை வழித்துக்கொண்டு போனாலும் உங்கள் கோழி வேறொரு வளவில் இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவரிடம் முட்டை வாங்கி அடை வைத்தால் இரத்தமும் மாறும். உயிருள்ள சேவலை மாற்றுவதைவிட முட்டை மாற்றுவது பாதுகாப்பு, ஆனாலும் குஞ்சுகளில் வரும் வெள்ளைக் கழிச்சல் (புல்லோரம்), மூச்சு வருத்தம் போன்றவற்றில் சில முட்டை வழியாகவும் இறங்கும். அந்தக் கூட்டில் அப்படி வந்திருந்தால் வாங்காதீர்கள். சேவலாகவே கொண்டுவந்தால் 30 நாள் தனியே, வளவின் மறு மூலையில் வைத்து, உங்கள் கோழிகளைப் பார்த்த பிறகே அதற்குத் தீன் வையுங்கள்.

இனி, பொரிப்பு ஏன் பாதியாகிறது என்பது. 49 பேட்டுக்கு 15 சேவல் மிக அதிகம், பத்துக்கு ஒன்று போதும். ஒன்று மிதிக்கும்போது மற்றது வந்து தள்ளிவிடும், பேடுகள் முதுகு இறகு போய் ஒளித்துத் திரியும். இது ஒரு காரணம். மற்றது முட்டை பழசாவது. யாழ்ப்பாணத்து வெக்கையில் முட்டையை நாலைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைத்தால், கரு பாதி விழித்துப் பிறகு சாகும். குளிர்ந்த மூலையில், மண்பானைக்கு அருகில், கூர்முனை கீழாக வையுங்கள், ஐந்து நாளுக்குள் அடை வைத்துவிடுங்கள்.

எது காரணம் என்று ஊகிக்கத் தேவையில்லை, முட்டையே சொல்லும். ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் ஃபோன் லைற்றின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் வெளிச்சம் நேராக ஊடுருவினால் பெரும்பாலும் சேவல் படாத முட்டை, சேவலைப் பாருங்கள். சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு தொடங்கிச் செத்தது, முட்டை பழசு அல்லது வெக்கை. 21 நாளும் கழிந்து பொரிக்காத முட்டையை உடைத்து, உள்ளே முழுக் குஞ்சு செத்துக் கிடந்தால், நெருங்கிய இரத்தம், தாய்க்கோழிக்குச் சத்துப் போதாமை, அடைக் கூட்டில் ஈரப்பதம் இல்லாமை என்று மூன்றையும் சந்தேகியுங்கள். ஒரு கொப்பியில் குறியுங்கள்.

மூன்று சேவலையும் ஒன்றாக விட்டால் வலியது ஒன்றே பெரும்பாலான பேட்டை மிதிக்கும், மேலே போட்ட கணக்குப் பிழைத்துவிடும். மூன்று தனி வளவு கட்ட உங்களால் ஏலாது. அதனால் பேடு 12ஐயும் ஒரே கூட்டமாக விட்டு, சேவலைத் தனித் தனிச் சின்னக் கூட்டில் வைத்து, மாதம் ஒன்றாக மாற்றி விடுங்கள். பேட்டின் உடலில் சேவலின் விந்து இரண்டு, மூன்று கிழமை வரை உயிரோடு இருக்கும். ஆகவே புதுச் சேவல் இறங்கி முதல் மூன்று கிழமை வரும் முட்டையைச் சாப்பிடுங்கள். நாலாம் கிழமை முட்டையில் 10 எடுத்துப் பென்சிலால் குறியிட்டு அடை வையுங்கள். மார்கழியில் ஒன்று, தையில் ஒன்று, மாசியில் ஒன்று. மாரி ஓய்ந்த ஈரமில்லாத குளிர்ச்சியில் குஞ்சுகள் நன்றாகத் தேறும், சித்திரை வெக்கைக்கு முன் முட்டை வேலை முடிந்துவிடும்.

குஞ்சு எந்தச் சேவலுடையது என்று தெரிய, பொரித்த அன்றே கால்விரல்களுக்கு நடுவே உள்ள தோலில் சின்னத் துளை போடுங்கள். ஒரு காலில் இரண்டு தோல், இரு காலிலும் நாலு, துளை இடும் இடத்தை மாற்றினால் 16 அடையாளம் கிடைக்கும். உங்களுக்கு மூன்று போதும்.

30 முட்டையில் 20 குஞ்சு தேறினாலே போதும். அதில் ஒவ்வொரு சேவலுக்கும் ஒரு மகனையும் மொத்தமாக நாலைந்து மகள்களையும் நாலைந்து மாதத்தில் தெரிவு செய்து, மற்றதை நல்லூருக்கு முன்னே கொடுத்துவிடுங்கள். புது மகள் எத்தனை உள்ளே வருகிறதோ அத்தனை பழைய பேடு வெளியே போக வேண்டும், மகன் தேறினால் தகப்பன் போகலாம். கிடுகு வேலிக்குள் ஒளித்து அடை கிடந்து 12 குஞ்சோடு வரும் பேடுதான் உங்கள் இருபதை மறுபடி அறுபதாக்கும். தேவையில்லாமல் அடை கிடந்தால், அடி கம்பிவலையாக உள்ள கூட்டில், நிலத்தில் இருந்து உயர்த்தி, தீனும் தண்ணீரும் வைத்து நாலு நாள் விடுங்கள், அடை விட்டுவிடும்.

முழங்காலுக்காகக் கூட்டை மாற்றுங்கள். 8 அடிக்கு 4 அடி, நிலத்தில் இருந்து இடுப்பளவு உயரம், தளத்துக்குப் பனஞ்சிலாகை அரை அங்குல இடைவெளியில். உள்ளே 8 அடி நீளத்தில் ஏறிப்படுக்க இரண்டு கொம்பு. எச்சம் கீழே விழும், நீளப் பிடி வைத்த வாருகோலால் நின்றபடியே இழுக்கலாம். நாலு பக்கமும் அரை அங்குலக் கம்பிவலை, கீரியும் மரநாயும் நுழையாது. தகரக் கூரை என்றால் மேலே கிடுகு பரப்புங்கள். மழை நாளில் கோழி நிற்க, கூட்டுக்கு முன் ஒரு பத்திக் கூரை இறக்குங்கள். எருவைக் கிணற்றடியில் இருந்து 50 அடிக்கு அப்பால், கூரையின் கீழ் குவியுங்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மழை எருவின் நைத்திரேற்றை விரைவாகக் கிணற்றுக்கு இறக்கும். மக்கிய பிறகு வாழைக்குப் போடலாம்.

தீன் கணக்கு: வளர்ந்த ஊர்க்கோழிக்கு நாளுக்கு 110 கிராம் என்று வைத்தால் 64க்கு 7 கிலோ. இருபதுக்கு 2.2 கிலோ, மாதம் 66 கிலோ. மிச்சப்படும் காசில் நல்ல முட்டைக்கோழித் தீன் வாங்குங்கள். செலவைப் பார்த்துப் பாதிக்குப் பாதி குறுணல் கலப்பவர்கள் பலர். 16 வீதப் புரதம் 12க்கு இறங்கி, பொரிப்பு அங்கேயே விழும். கால்பங்குக்கு மேல் கலக்காதீர்கள். முருங்கை இலை தாராளமாகப் போடலாம், சிப்பி ஓட்டை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். குஞ்சுக்கும் வளரும் கோழிக்கும் தனிக் கூட்டில் நிற்கும் சேவலுக்கும் முட்டைக்கோழித் தீன் வேண்டாம், அதில் உள்ள சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். அவற்றுக்கு வளர்ச்சித் தீன். குஞ்சுக்குச் சூடு வைக்க எல்.இ.டி. பல்ப் போட்டு ஏமாறாதீர்கள், வெளிச்சம்தான் வரும். பழைய மாதிரிக் குண்டு பல்ப் 60 வாற் வேண்டும், தாய்க்கோழி இருந்தால் அதுவும் வேண்டாம்.

மேலே 19 என்று சொல்லி ஓர் இடத்தை விட்டிருக்கிறேன் அம்மா, அது கறுப்பிக்கு. அதற்கு அடையாளமும் தேவையில்லை, சோதனையும் தேவையில்லை. இளம் பேடுகள் கொத்தாமல் இருக்கத் தீனை ஒரு மூலையில் தனிச் சட்டியில் வையுங்கள். வயதான கோழிக்கு உயரக் கொம்பில் இருந்து குதித்தால் பாதம் கன்றி வீங்கும், ஆகவே தளத்தில் இருந்து ஓரடி உயரத்தில் அகலமான ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். நகம் வளைந்து நீண்டிருந்தால் நுனியை மட்டும் வெட்டுங்கள், உள்ளே சிவப்பாகத் தெரியும் நரம்பைத் தொடக்கூடாது.